கிற்றாரின் விலாவெலும்புகள்



இசைக்கருவி ஒன்றைப் பற்றி இசைவாணர் அல்லாத ஒருவர் பேச முன்வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன். அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபராகக் கடமையாற்றுபவன். கிற்றாரை மீட்டும் வன்மை எனக்கில்லை. ஆயினும் எங்கள் பாடசாலையில் நேர்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று அக்கருவியின் உள்ளமைப்பைப் பற்றிப் பல நாள் என்னைச் சிந்திக்க வைத்தது. அச்சிந்தனையின் பயனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

எங்கள் சங்கீத அறையில் உருக்குக் கம்பி பூட்டிய கிற்றார் ஒன்று உண்டு. பழைய மாணவர் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. மாரிகால விடுமுறை கழிந்து அறையைத் திறந்தபோது, அதன் கம்பிகள் விரற்பலகையை விட்டு மிக உயர்ந்து நின்றன. மாணவி ஒருத்தி விரல் நுனி சிவக்குமளவும் அழுத்திப் பார்த்தாள். ஓசை எழவில்லை. “சேர், எனக்குக் கிற்றார் வராது போலை” என்று சொல்லி, கருவியை மெல்லக் கீழே வைத்துவிட்டாள். பிழை கருவியிலே இருக்க, அப்பிள்ளை தன்னையே நொந்துகொண்டாள். அதுவே என் மனத்தை உறுத்தியது.

ஊரில் வயது முதிர்ந்த தச்சர் ஒருவரிடம் அக்கருவியைக் கொண்டு சென்றேன். அவர் அதனைத் தட்டிப் பார்த்தார். பக்கவாட்டிற் பிடித்து நோக்கினார். முகப்பலகை ஓரிடத்தில் வயிறு போலப் புடைத்திருந்தது. “ஐயா, வெளியாலை பாத்துப் பிரயோசனம் இல்லை, வருத்தம் உள்ளுக்குத்தான்” என்றார். கம்பிகளைக் கழற்றிவிட்டு, நடுவில் உள்ள வட்டத் துவாரத்தினூடாகச் சிறு கண்ணாடித் துண்டொன்றையும் கைவிளக்கையும் செலுத்தி எனக்குக் காட்டினார். பலகையின் உட்புறத்தில் மெல்லிய மரக்கீற்றுகள் பல ஒட்டப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று நடுவே வெடித்து, பலகையை விட்டுக் கழன்று நின்றது.

கிற்றார் செய்வோர் இக்கீற்றுகளைப் ‘பிரேஸ்’ என்பர். நாம் அவற்றை விலாச்சட்டங்கள் என்று சொல்வோம். நமது நெஞ்சுக் கூட்டை விலாவெலும்புகள் தாங்குவது போலக் கிற்றாரின் முகத்தை இவை தாங்குகின்றன. வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு இவை புலப்படுவதில்லை. ஆயினும் கருவியின் ஆயுளும் அதன் குரலும் பெரிதும் இவற்றிலேயே தங்கியுள்ளன.

இவை எதற்காக வேண்டும்? உருக்குக் கம்பிக் கிற்றாரின் ஆறு கம்பிகளையும் சுருதி சேர்த்து முறுக்கினால், அவை யாவும் கூடி ஏறத்தாழ 70 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையோடு இழுக்கின்றன. வளர்ந்த மனிதன் ஒருவனின் எடை அது. அவ்விழுப்பைத் தாங்கும் பலகையின் தடிப்போ 3 மில்லிமீற்றருக்கும் குறைவு. வீணையிலே குதிரை என்கிறோமே, அதனையொத்த ஓர் உறுப்புக் கிற்றாரிலும் உண்டு. கம்பிகள் அவ்வுறுப்பை முன்னோக்கிக் கவிழ்க்க முயல்கின்றன. அதனால் அதன் பின்புறத்திற் பலகை புடைக்கவும் முன்புறத்தில் அமிழவும் பார்க்கும்.

அவ்வாறாயின் பலகையைத் தடிப்பாகச் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். தடித்த பலகை உடையாது. ஆனால் ஒலிக்கவும் செய்யாது. கம்பியின் அதிர்வை ஏற்றுத் தானும் அதிர்ந்து காற்றை அசைப்பது அப்பலகையே. அது பாரமானால் மெல்லிய கம்பியால் அதனை அசைக்க இயலாது. மெல்லியதானால் நன்கு பாடும். ஆனால் விரைவில் வளைந்துவிடும். வலிமையும் வேண்டும், இலேசும் வேண்டும். ஒன்றையொன்று பகைக்கும் இவ்விரண்டையும் ஓரிடத்திற் கூட்டுவிப்பதே கிற்றார்த் தச்சரின் கலை.

இக்கலையை உயர்நிலைக்குக் கொண்டுவந்தவர் ஸ்பெயின் நாட்டின் அல்மேரியாவைச் சேர்ந்த அன்ரோனியோ தெ தொரெஸ் என்பவர். 1817 இல் பிறந்து 1892 இல் மறைந்தவர். முகப்பலகையின் உட்புறத்தில் ஏழு மெல்லிய கீற்றுகளை விசிறி விரித்தாற்போல ஒட்டும் முறையை அவர் செம்மைப்படுத்தினார். கருவியின் குரல் முகப்பலகையிலேயே உள்ளது என்பதனை மெய்ப்பிப்பதற்காக, 1862 இல் பின்பலகையையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே அமைத்து ஒரு கிற்றார் செய்தார். அது இன்றும் பார்சலோனா நகரின் இசை நூதனசாலையிற் பாதுகாக்கப்படுகின்றது.

ஏறத்தாழ அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் மற்றொரு வழி பிறந்தது. ஜேர்மனியின் சக்சனியிலிருந்து 1833 இல் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்து, பின்னர் பென்சில்வேனியா மாநிலத்திற் குடியேறிய மார்ட்டின் என்பவர், 1840 களில் இரண்டு நீண்ட சட்டங்களைப் பெருக்கற் குறி போலக் குறுக்கே வைத்துக் கிற்றார்கள் செய்தார். அக்காலத்திற் பூட்டப்பட்டவை விலங்கின் குடலாற் செய்த மெல்லிய நரம்புகளே. 1920 களில் உருக்குக் கம்பிகள் பெருவழக்கானபோது, அவற்றின் கடும் இழுப்பையும் அதே பெருக்கற் குறி அமைப்புத் தாங்கிக்கொண்டது. எங்கள் பாடசாலைக் கிற்றாரின் வயிற்றிலும் அவ்வமைப்பே இருந்தது.

இனி, இச்சட்டங்களின் இரகசியத்தை அறிய மாணவரின் அடிமட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனைத் தட்டையாகப் பிடித்து அழுத்தினால் எளிதில் வளையும். விளிம்பு மேலாகத் திருப்பிப் பிடித்து அழுத்தினால் வளையாது. மரமும் அதுவே, எடையும் அதுவே. நிறுத்திய விதமே வேறு. ஒரு சட்டத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் அதன் எடை இருமடங்காகும். விறைப்போ எட்டு மடங்காகும். ஆதலாலேயே விலாச்சட்டங்கள் ஒடுங்கியனவாகவும் உயர்ந்தனவாகவும் செய்யப்படுகின்றன. வீட்டுக் கூரைக்கு வளையும் கைமரமும் ஏற்றும் தச்சர் அனைவரும் கணக்கெழுதாமலே அறிந்த உண்மை இது.

மேலும் ஒன்று. சட்டம் வளையும்போது அதன் ஒரு முகம் இழுபடுகின்றது, மறுமுகம் நெரிபடுகின்றது. நடுப்பகுதிக்கோ பெரிய வேலை எதுவும் இல்லை. எனவே உறுதி வேண்டிய இடம் புறத்தே. அகம் இலேசாக இருப்பினும் குற்றமில்லை. இவ்வுண்மைக்கு இயற்கை தந்த சிறந்த சான்று நமது பனைமரம். முற்றிய பனையின் வைரம் கருமையாகப் புறத்தே சூழ்ந்திருக்க, நடுவே மென்மையான சோற்றி இருக்கும். பெருங்காற்றிலும் அது நிமிர்ந்து நிற்பதற்கு அவ்வமைப்பும் ஒரு காரணம். தாவரங்களை வகுத்த தொல்காப்பியர், புறத்தே வைரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரமுடையவற்றை மரம் என்றும் பெயரிட்டார். அப்பகுப்பின்படி பனை புல்லினத்தைச் சேரும். இதனை நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.

இனிக் காபன் நாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மின்விளக்கை ஆராய்ந்த எடிசன், மூங்கில் இழையைக் கரியாக்கி விளக்கினுள் ஒளிரச் செய்தார் என்பதைப் பாடநூல்களிற் படித்திருக்கிறோம். அக்கரியிழையின் வழித்தோன்றலே காபன் நார் எனலாம். 1958 இல் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் றொஜர் பேக்கன் என்ற பௌதிக அறிஞர் மிக வலிய காபன் இழைகளை ஆய்வுகூடத்திற் கண்டார். 1960 களில் ஜப்பானியரும், இங்கிலாந்தின் பார்ன்பரோவில் இருந்த ஆகாயவிமான ஆராய்ச்சி நிலையத்தினரும் அவற்றைத் தொழிலுக்கு உதவும் வகையில் ஆக்கும் வழிகளை வகுத்தனர். ஓர் இழையின் பருமன் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து எப்பொக்சிப் பசையில் தோய்த்து இறுகச் செய்தால் விமானத்துக்கு உகந்த பொருள் கிடைக்கின்றது.

இப்பொருளைக் கிற்றாரிற் புகுத்தியோருள் முன்னோடி சாள்ஸ் கமான் என்பவர். அவர் ஹெலிகொப்டர் செய்யும் பொறியியலாளர். சுழலும் இறக்கைகளின் அதிர்வை ஆராய்ந்தவர். அவர் நிறுவிய கிற்றார் நிறுவனம் 1976 இல் வெளியிட்ட ஒரு கருவியின் முகப்பலகையில், பிர்ச் மரத்தின் மெல்லிய படலம் ஒன்று நடுவிலும் காபன் நார்ப் படலங்கள் அதன் இருபுறங்களிலும் இருந்தன. வைரம் புறத்தே, மென்மை அகத்தே. பனையின் அமைப்பு அமெரிக்கத் தொழிற்சாலையில் வேறு வடிவிற் பிறந்துவிட்டது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். காபன் நார் அத்துணை வலியதாயின், மரத்தை முற்றாக நீக்கி முழுச் சட்டத்தையும் அதனாலேயே செய்தால் என்ன? முகப்பலகைக்கும் சட்டங்களுக்கும் பெரிதும் பயன்படும் ஸ்புரூஸ் மரத்தோடு ஒப்பிடுகையில், பசையில் இறுகிய காபன் நார் பத்து மடங்குக்கும் மேலான விறைப்புடையது. ஆனால் எடையோ ஏறத்தாழ நான்கு மடங்கு. எடை ஏறாமலிருக்க அதனை நான்கில் ஒரு பங்கு உயரமாகக் குறைத்தால், உயரத்தாற் கிடைக்கும் பெரும் பயன் கைநழுவிவிடும். ஸ்புரூஸ் மரம் தன் எடைக்கு அத்துணை விறைப்புடையது. இயற்கை அதனை எளிதில் வெல்ல விடுவதில்லை. ஆகையால் நுட்பம் யாதெனில், இலேசான மரத்தை நடுவில் உயரமாக வைத்து, காபன் நாரை மெல்லிய தோல் போல விளிம்பில் மட்டும் ஒட்டுவதாகும்.

இந்நுட்பத்தை அதன் எல்லைவரை கொண்டு சென்றவர் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கிறெக் ஸ்மோல்மன். போல்சா என்பது கட்டுமரத்துக்கு உதவும் மிக இலேசான மரம். அம்மரத்தாற் செய்த சிறு கீற்றுகளைக் காபன் நாரால் வலிவுறுத்தி, வலைப்பின்னல் போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பலகையின் உட்புறத்தில் ஒட்டினார். பின்னல் தாங்கிக்கொள்வதால், முகப்பலகையை வழக்கத்திற் பாதியளவு தடிப்புக்கு இழைக்க முடிந்தது. பின்பலகையைப் பல படலங்கள் அடுக்கி ஒட்டித் தடிப்பாகவும் பாரமாகவும் செய்தார். தொரெஸ் கருவி முழுவதையும் இலேசாக்கினார். ஸ்மோல்மன் முகத்தை மட்டும் இலேசாக்கி, உடலை அசையாமல் நிறுத்தினார். உலகப் புகழ்பெற்ற கிற்றார்க் கலைஞர் ஜோன் வில்லியம்ஸ் 1981 முதல் இவரது கருவிகளை வாசிக்கத் தொடங்கினார். பெரிய மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் அவற்றின் ஒலி எட்டியது.

ஜேர்மனியில் மத்தியாஸ் டாமன், கேர்னொற் வாக்னர் என்னும் இருவர் வேறொரு வழியை மேற்கொண்டனர். ஒரு மில்லிமீற்றரினும் மெல்லிய இரண்டு மரப்படலங்களுக்கு நடுவே, விமானத்துக்கென ஆக்கப்பட்ட தேனடை போன்ற செயற்கைத் தாளை வைத்து ஒட்டி, ஒரே முகப்பலகை ஆக்கினர். இதனை இரட்டை முகப்பு என்பர். இங்கே காபன் நார் இல்லை; புறவைரம் என்னும் விதி மாத்திரம் இருக்கிறது.

அடுக்கி ஒட்டும் முறை சட்டங்களுக்கும் பயன்படுகின்றது. ஒரே மரத்துண்டிற் சட்டம் செய்யும்போது, நாரின் ஓட்டம் சட்டத்தின் நீளத்தோடு ஒத்திருக்க வேண்டும். அதற்காகவே தேர்ந்த தச்சர் மரத்தை வாளால் அறுக்காமற் கோடரியாற் பிளந்து எடுப்பர். நார் சரிந்து ஓடினால் அவ்விடத்தில் வெடிக்கும். எங்கள் கிற்றாரின் சட்டத்துக்கு நேர்ந்ததும் அதுவே. பல மெல்லிய படலங்களை ஒட்டிச் செய்த சட்டத்தில், ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கும். வளைந்த அச்சிலே வைத்து ஒட்டினால், நாரும் வளைவின் வழியே ஓடும். அவுஸ்திரேலியரான திரெவர் கோர் என்பவர் அரிவாள் போல வளைந்த சட்டங்களை அமைத்து, அவற்றைக் காபன் நாரால் வலிவுறுத்தும் முறையைப் பரப்பியுள்ளார். பெருக்கற் குறி அமைப்பில் இரு சட்டங்களும் சந்திக்குமிடத்தில் இரண்டையும் பாதிப் பாதியாக வெட்டிப் பொருத்த வேண்டியுள்ளது. அதனால் அவ்விடம் மெலிகின்றது. அம்முடிச்சின் மேல் ஒரு காபன் நார்த் துண்டை ஒட்டினால் இழந்த வலிமை பெரும்பாலும் மீளும்.

இன்னொரு நன்மையும் உண்டு. மரம் நெடுங்காலம் ஓயாது பாரம் தாங்கினால் மெல்ல மெல்லத் தொய்ந்துவிடும். புத்தகங்கள் நிறைந்த இறாக்கையின் பலகை பல ஆண்டுகளில் நடுவே தாழ்வதை நாம் காணவில்லையா? காபன் நார் அவ்வாறு எளிதில் தொய்வதில்லை. ஈரப்பதனையும் அது உறிஞ்சுவதில்லை. எனினும் சட்டத்திற் காபன் நார் இருப்பதனாற் கருவி முழுவதும் மாரியை வென்றுவிடும் என்று எண்ணலாகாது. முகப்பலகை மரமாயிருக்கும்வரை அது ஈரத்திற் பருக்கும், வறட்சியிற் சுருங்கும்.

நன்மைகளை எடுத்துச் சொன்ன நான் இழப்புகளையும் சொல்லியாக வேண்டும். மரச்சட்டத்தைத் தச்சர் பலகையில் ஒட்டிய பின்னும் சிறு சீவுளியாற் சிறிது சிறிதாகச் சீவுவர், தட்டுவர், காது கொடுத்துக் கேட்பர், மீண்டும் சீவுவர். இவ்வாறு ஒவ்வொரு பலகைக்கும் அதற்குரிய குரலைத் தேடிக் கொடுப்பர். உச்சியிற் காபன் நார் ஒட்டிய சட்டத்தை அவ்வாறு சீவ முடியாது. சீவினால் வலிமை தரும் தோலே போய்விடும். ஆகவே யாவற்றையும் முன்கூட்டியே அளந்து கணக்கிட்டுச் செய்ய வேண்டும். காதின் இடத்தை அளவுகோல் ஓரளவு பிடித்துக்கொள்கின்றது. விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து காய்ச்சும் வச்சிரப் பசையை வெப்பமும் ஈரமும் காட்டி இளக்கலாம். நூறாண்டு கழித்தும் ஒருவர் சட்டத்தைக் கழற்றித் திருத்தலாம். எப்பொக்சியிடம் அந்தத் தயவு குறைவு. காபன் நாரை அறுக்கும்போது எழும் தூள் சுவாசத்துக்குத் தீங்கானது. அப்பசை சிலருடைய தோலைப் புண்ணாக்கும். முகமூடியும் கையுறையும் இன்றி இவ்வேலையில் இறங்குவது தகாது.

குரலின் தன்மை பற்றியும் கருத்து வேறுபாடு உளது. வலைப்பின்னற் கருவிகள் உரத்து ஒலிக்கின்றன என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால் விரலை இடம் மாற்றி மீட்டும்போது பழைய ஸ்பானியக் கருவியில் எழும் நிற வேறுபாடுகள் இவற்றிற் குறைவென்று சிலர் குறைப்படுகின்றனர். வேறு சிலரோ அக்குறை கருவியினுடையதன்று, மீட்டுவோனுடையது என்பர். நான் கேட்ட அளவில், மண்டபத்துக்கு ஒன்றும் வீட்டுத் திண்ணைக்கு மற்றொன்றும் பொருந்தும் என்றே சொல்லத் தோன்றுகிறது. உரத்த குரலே நல்ல குரல் என்று எந்தச் சங்கீத ஆசிரியரும் கற்பித்ததில்லை.

இவற்றையெல்லாம் படித்துத் தெளிந்தபின், எனக்குப் புலனானது ஒன்றே. காபன் நார் பழைய தச்சரின் அறிவை நீக்கிவிடவில்லை. அவ்வறிவு இல்லாதவர் கையில் அது பயன்படுவதுமில்லை. பாரம் எங்கே விழுகின்றது, உறுதி எங்கே வேண்டும், எங்கே இலேசாக விடலாம் என்று அறிந்தவருக்கே புதிய பொருள் துணை செய்யும். அறியாதவர் அதனை ஒட்டினால் விலையும் எடையும் கூடுமேயன்றிக் குரல் கூடாது.

எங்கள் கிற்றாரின் கதையையும் முடித்துவிடுகின்றேன். அத்தச்சரிடம் காபன் நார் இல்லை. அவர் நேரிய நாருள்ள மரத்தை மூன்று மெல்லிய கீற்றுகளாகப் பிளந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் புதிய சட்டம் ஒன்று செய்தார். துவாரத்தின் வழியே கையை நுழைத்து அதனைப் பொருத்தி, பசை காயும்வரை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். மூன்று நாட் கழித்துக் கம்பி பூட்டினார். புடைப்பு முற்றாக மறையவில்லை. ஆயினும் கம்பிகள் தாழ்ந்தன. கூலி கேட்டபோது, “பிள்ளையள் வாசிக்கிறதுதானே ஐயா” என்று மிகச் சிறு தொகையே பெற்றுக்கொண்டார். அக்கருவியை இப்போது ஈரச் சுவரோடு சாய்த்து வைப்பதில்லை; பெட்டியினுள் வைக்கின்றோம். நீண்ட விடுமுறைக்கு முன் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தியும் விடுகின்றோம்.

கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போன மாணவியை நானே அழைத்தேன். முதலில் அவள் தயங்கினாள். பின்பு விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். ஓசை தெளிவாக எழுந்தது. அவள் கம்பியைப் பார்க்கவில்லை. தன் விரலைப் பார்த்துச் சிரித்தாள்.

நேயர்களே, ஒரு பிள்ளை தன்னால் முடியாதென்று சொல்லும்போது, உடனே அதனை நம்பிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஏதேனும் ஒரு சட்டம் கழன்றிருக்கின்றதா என்று ஒருமுறை உள்ளே விளக்குப் பிடித்துப் பாருங்கள்.